தெற்கிலிருந்து தென்றல் வராத ஊரில் ஒரு வீடு

மதுரையில் கட்டடக்கலை படித்தேன். 2012-இல் கல்யாணமாகி தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்தேன். இப்போது மூன்று பேர் மட்டும் இருக்கும் ஒரு சின்ன அலுவலகத்தில் வேலை செய்கிறேன். அதை நடத்துபவர் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். அவரை நாங்கள் அண்ணா என்று கூப்பிடுவோம். அப்புறம் நான், எங்களோடு வரைபடம் போடும் ஒரு தம்பி. புது வீட்டு வேலை எங்களுக்கு வருடத்துக்கு ஒன்றோ இரண்டோதான் வரும். மற்றதெல்லாம் இருக்கும் வீட்டை மாற்றுவதுதான். மகனுக்குக் கல்யாணம், மேலே ஓர் அறை வேண்டும் என்பார்கள். அப்பாவால் படி ஏற முடியவில்லை, கீழேயே குளியலறை வேண்டும் என்பார்கள். இந்த ஊரில் இந்தியர்கள் அதிகம் இருக்கும் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், மேர்பேங்க் பக்கம் முதலில் கட்டியபடியே இருக்கும் வீட்டைப் பார்ப்பதே அரிது.

அவற்றில் ஒரு வீட்டைப் பற்றி எழுதுகிறேன். சாட்ஸ்வர்த்தில், மேட்டில் இருக்கும் வீடு. பெரியவர்களை வைத்துக்கொண்டு வீட்டை மாற்ற நினைக்கும் யாருக்காவது இது உதவும். அந்த வேலையில் நாங்கள் ஒரு தப்பும் செய்தோம், அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

சாட்ஸ்வர்த் பற்றித் தெரியாதவர்களுக்கு: 1950-இல் வந்த இனவாரிக் குடியிருப்புச் சட்டம் டர்பனில் இந்தியர்கள் எங்கே இருக்கலாம் என்று கோடு போட்டது. கேட்டோ மேனரிலும் மற்ற இடங்களிலும் தோட்டமும் மாமரமுமாக இருந்த குடும்பங்களைக் கிளப்பி 1960-களில் இங்கே கொண்டுவந்து விட்டார்கள். நகராட்சி கட்டிய வீடுகளில் பல ஒரே கூரையின் கீழ் இரண்டு வீடுகள். நடுவில் ஒரு பொதுச் சுவர், பாதி உனக்கு, பாதி எனக்கு. சிமென்ட் கல் சுவர், மேலே ஆஸ்பெஸ்டாஸ். நான் சொல்லும் வீடு அதில் மேற்குப் பக்கத்துப் பாதி, 48 சதுர மீட்டர்.

வீட்டில் ஒரு பாட்டி. இங்கே தமிழ்க் குடும்பங்களில் பாட்டியை ஆயா என்பார்கள். ஆற்காட்டுப் பக்கமும் ஆயா என்றால் பாட்டிதான். 1860-இல் தொடங்கி கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களில் பலர் அந்த ஜில்லாக்காரர்கள். அந்த வீட்டில் தமிழ் பேசுவது ஆயா ஒருவர்தான். மகனும் மருமகளும் பேத்தியும் கேட்டால் புரிந்துகொள்வார்கள், பதில் ஆங்கிலத்தில் வரும். அதனால் நான் போனாலே ஆயாவுக்குச் சந்தோஷம். "வா கண்ணு, சாப்ட்டியா" என்றுதான் எந்தப் பேச்சும் ஆரம்பிக்கும்.

2022 ஏப்ரலில் டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் பெய்த மழையை இங்கே யாரும் மறக்க முடியாது. நானூறு பேருக்கு மேல் இறந்துபோனார்கள். ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. இந்த வீட்டுக்குப் பின்னாலிருந்த மண்மேடு சரிந்து பின்னறைச் சுவரில் வந்து சாய்ந்தது. அந்தப் பின்னறை தாத்தா 1980-களில் சனி ஞாயிறுகளில் தன் கையாலேயே கட்டியது. சுவர் விழவில்லை, ஆனால் ஈரம் ஏறி உள்ளே பூஞ்சை பிடித்துவிட்டது. அடுத்த வருடம் ஆயா விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை முடிந்து சக்கர நாற்காலியோடு வீட்டுக்கு வந்தார். பின்னறையைச் சரிசெய்து, அதோடு ஒரு குளியலறை சேர்த்து ஆயாவுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று மகன் எங்களிடம் வந்தார். அதற்கு முன்பே ஒருவர் அவரிடம் பணம் வாங்கிக்கொண்டு, வீட்டுக்கே வராமல் போட்டோவைப் பார்த்து ஒரு பிளான் போட்டுக் கொடுத்திருந்தார். அதில் அவர் பதிவு எண்ணே இல்லை. இந்த நாட்டில் மாநகராட்சிக்குப் பிளான் கொடுப்பவர் கட்டடக்கலைத் தொழில் மன்றத்தில், சாகாப் என்பார்கள், பதிவு செய்தவராக இருக்க வேண்டும். முதல் சந்திப்பிலேயே அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள். கேட்டால் கோபப்படுபவரிடம் வேலை கொடுக்காதீர்கள்.

நான் வீட்டை அளந்தேன். பின்னறை தெற்குப் பார்த்தது. எனக்கு மனசுக்குள் ஒரே குஷி. தெற்கு ஜன்னல், தென்றல் வரும், வயதானவருக்கு இதைவிட என்ன வேண்டும் என்று பெரிய ஜன்னலாகப் போட்டேன். தெற்கிலிருந்து வருவது தென்றல், வடக்கிலிருந்து வருவது வாடை. சின்ன வயதிலிருந்து காதில் விழுந்த சொற்கள். மதுரையில் படித்தபோதும் அப்படித்தான் ஜன்னல் வைத்தேன். அண்ணா வரைபடத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. இங்கே குளிர்காலமான ஜூலை மாதம் ஒரு சாயங்காலம் என்னைக் கூட்டிக்கொண்டு போய் அந்த அறையில் அரைமணி நேரம் நிற்க வைத்தார். கை விறைத்தது. டர்பனில் காற்று பெரும்பாலும் இரண்டு பக்கம்தான்: வடகிழக்கிலிருந்து வருவது தெளிந்த நாளின் காற்று, தென்மேற்கிலிருந்து வருவது மழையையும் குளிரையும் கொண்டுவரும் காற்று. சூரியனும் இங்கே வடக்கில்தான் நகர்கிறது. ஜூன் மாத மத்தியானத்தில் அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 37 டிகிரி உயரத்தில், வடக்கே. தெற்குச் சுவருக்குக் குளிர்காலம் முழுக்க மத்தியான வெயிலே கிடையாது. பூஞ்சைக்கு மண்சரிவு மட்டும் காரணமில்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது. பத்து வருடத்துக்கு மேல் இந்த ஊரில் இருந்தும் என் கை இன்னும் மதுரைக்குத்தான் ஜன்னல் வைத்துக்கொண்டிருந்தது.

ஆனால் நாங்கள் செய்த பெரிய தப்பு இது இல்லை. தெற்கு ஜன்னலைச் சின்னதாக்கி, சுவருக்கு ஈரக்காப்புப் போட்டு, அதே பின்னறையை வைத்துப் பிளானை முடித்தோம். மாநகராட்சிக்குக் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பு, குளியலறைக் குழாய் எங்கே சேரும் என்று பார்க்கப் பிளம்பர் வந்து பின்பக்கத்து மேன்ஹோலைத் திறந்தார். பக்கத்து வீட்டு மேன்ஹோலையும் திறக்கச் சொன்னார். இரண்டுக்கும் நடுவில் ஒரு கயிறு பிடித்தோம். கயிறு தாத்தாவின் அறைக்கு நடுவே போனது.

நகராட்சியின் கழிவுநீர்க் குழாய் பல இடங்களில் தெருவோரம் போகாது. மனைகளின் பின்பக்கமாக, வீடு வீடாகத் தாண்டிப் போகும். அதன்மேல் கட்டக்கூடாது, குழாய் உடைந்தால் தோண்டுவதற்கு இடம் விட வேண்டும். தாத்தா கட்டும்போது பிளான் கொடுக்கவே இல்லை, அதனால் தடுக்கவும் யாருமில்லை. முதல் நாள் நாங்கள் செய்திருக்க வேண்டிய வேலையை இரண்டு மாதம் கழித்துப் பிளம்பர் செய்தார். இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் பென்சிலை எடுப்பதற்கு முன்பு நான்கு காரியம் செய்கிறோம். மாநகராட்சியில் அந்த மனைக்குக் கடைசியாகப் பாஸ் ஆன பிளானின் நகலை எடுக்கிறோம். வீட்டுப் பத்திரத்தையும் நில அளவைப் படத்தையும் வாங்கி, மனையின்மேல் யாருக்காவது வழியுரிமை இருக்கிறதா என்று பார்க்கிறோம். மேன்ஹோல் மூடிகளைத் திறந்து பார்க்கிறோம். கடைசியாக, பிளானில் இல்லாமல் வீட்டில் இருப்பதைச் சிவப்பு மையில் குறிக்கிறோம். சிவப்பு இல்லாத வீட்டை நான் இதுவரை பார்க்கவில்லை. அது அந்தக் குடும்பத்தின் குற்றமில்லை. இடம் போதாமல் வாழ்ந்தவர்கள் அவரவர் கைக்கு எட்டியதைச் செய்தார்கள். ஆனால் வீட்டை விற்கும்போது, வங்கியில் கடன் கேட்கும்போது, அந்தச் சிவப்பு வந்து நிற்கும்.

பின்னறையை இடிக்க வேண்டும் என்பதை மகனிடம் சொல்வது சுலபமாக இல்லை. அவர் அப்பாவுக்குச் செங்கல் எடுத்துக் கொடுத்த பையனாக அந்த அறையில் நின்றவர். குழாயை நகர்த்த முடியாதா என்று கேட்டார். முடியும், மாநகராட்சி சம்மதிக்க வேண்டும், செலவு முழுக்க அவர் தலையில் விழும். அந்தத் தொகை மற்ற வேலைகளுக்கு வைத்திருந்ததில் பாதிக்கு மேல் தின்றுவிடும். அன்றைக்கு ஒரு முடிவும் எடுக்காமல் எல்லோரும் லவுஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அப்போது ஆயா என்னிடம் தமிழில் சொன்னார்: "எனக்கு அந்தப் பின்னாடி ரூம்பு வாணாம் கண்ணு. அங்க போனா யாரு வராங்க யாரு போறாங்கன்னே தெரியாது. கேட்டோ மேனர்ல எங்க வூட்டுக்கு வாசல் இருந்திச்சி. இங்க வந்து எத்தினி வருசம், வாசல்ல உக்காந்ததே இல்ல."

இதை மகனுக்கு நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. ஆயாவிடம் யாரும் அதுவரை கேட்டிருக்கவில்லை. நாங்களும்தான். எங்கள் முதல் சந்திப்புக் குறிப்பில் மகன் கேட்டது, மருமகள் கேட்டது, பேத்தி கேட்டதுகூட இருந்தது. அந்த அறையில் இருக்கப்போகிறவர் கேட்டது இல்லை.

சரி, வீட்டைத் திருப்பிப் போட்டோம். முன்பக்கம், அதாவது வடக்கில், ஒரு சின்னப் படுக்கையறையும் லவுஞ்சும் இருந்தன. அந்தப் படுக்கையறையையும் லவுஞ்சில் பாதியையும் சேர்த்து ஆயாவின் அறை, குளியலறை. மீதிப் பாதி, வீட்டுக்குள் நுழையும் இடமாகவும் சாமி விளக்கு இருக்கும் இடமாகவும் ஆனது. லவுஞ்ச் பின்னால் போய்ச் சமையலறையோடு சேர்ந்தது. பேத்திக்குக் கழிவுநீர்க் குழாயிலிருந்து தள்ளி ஒரு சின்ன அறை. முன்னால் முழு அகலத்துக்கும் ஒரு வெராண்டா. ஆயாவின் வடக்கு ஜன்னலுக்கு மேல் 600 மில்லிமீட்டர் கூரை நீட்டல். டிசம்பரில் உச்சி வெயில் ஏறக்குறைய தலைக்கு மேலே நிற்பதால் அந்த நீட்டலே மறைத்துவிடும். ஜூனில் தாழ்வாக வரும் வெயில் அதற்குக் கீழே நுழைந்து உள்ளே விழும். வெராண்டாக் கூரை குளிர்கால வெயிலை மறைக்கக் கூடாது என்பதற்காக ஆயாவின் ஜன்னலுக்கு நேராக இருக்கும் பகுதியைத் திறந்தே விட்டு, தகடு போடாமல் மரச் சட்டம் மட்டும் வைத்தோம்.

சக்கர நாற்காலிக்குக் கணக்கு மனசாட்சியோடு போட வேண்டும். கார் நிறுத்தும் தளத்திலிருந்து வெராண்டா 600 மில்லிமீட்டர் உயரம். சரிவுப் பாதை 1-க்கு 12 என்ற கணக்கைவிடச் செங்குத்தாக இருக்கக் கூடாது, அப்படியென்றால் 7.2 மீட்டர் நீளம், மேலும் கீழும் நின்று திரும்ப இடம் தனி. இடமில்லை என்று நாலு மீட்டரில் முடித்துவிடும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். தள்ளுகிறவருக்கு மூச்சு வாங்கும், இறங்கும்போது நாற்காலி ஓடும். நாங்கள் வீட்டின் மேற்குப் பக்கத்தை ஒட்டி அந்த நீளத்தைக் கண்டுபிடித்தோம். குளியலறையில் நாற்காலி சுற்ற 1.5 மீட்டர் வட்டம். குளிக்கும் இடத்துக்குத் திட்டு கிடையாது, தரையே வடிகாலைப் பார்த்துச் சரியும். கைப்பிடி வரும் இடங்களில் சுவருக்குள் இப்போதே பலமான அடைப்பு வைத்துவிட்டோம். பூசிய சுவரில் பின்னால் திருகாணி போட்டால் ஆள் எடை தாங்காது. தனி வீட்டுக்கு இந்த விதிகள் கட்டாயமில்லை. கட்டாயமில்லை என்பதாலேயே யாரும் செய்வதில்லை.

தாத்தாவின் அறைக் கதவை ஆயாவின் புது அறைக்குப் போட வேண்டும் என்று மகன் ஆசைப்பட்டார். அது இங்கே வழக்கமான 813 மில்லிமீட்டர் கதவு. கீலும் சட்டமும் போக மிஞ்சும் இடைவெளியில் நாற்காலி நுழையும், கை இடிக்கும். அதனால் ஆயாவுக்கு அகலக் கதவு போட்டோம். தாத்தாவின் கதவு வெளிச் சமையலறைக்குப் போனது. அங்கேதான் அது ஒரு நாளைக்கு நாற்பது தடவை திறக்கப்படுகிறது.

வெளிச் சமையலறை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நம் வீடுகளுக்கு இந்த ஊர் மாத இதழ்களில் வரும் திறந்த சமையலறை மட்டும் போதாது. ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள். புரட்டாசி முழுக்கக் கறி மீன் வீட்டுக்குள் வராது, அதற்கென்று பாத்திரங்களே தனி. கல்யாண வீடு என்றால் நலங்கு வீட்டில்தான். ஐம்பது பேர் வருவார்கள், பெரிய அண்டாவில் சமையல் நடக்கும். மருமகள் அக்காவிடம் ஒரு வருடத்து விசேஷங்களைச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டேன். அதைப் பார்த்துத்தான் கார் நிறுத்தும் இடத்தை வடிவமைத்தோம். அதன் தரை ஒரு பக்கம் லேசாகச் சரிந்து வடிகாலில் சேரும், ஓரத்தில் ஒரு தண்ணீர்க் குழாய், தூண்களில் பந்தல் துணி கட்டக் கொக்கிகள். கார் வெளியே போனால் அது பந்தல். நூறு சதுர மீட்டர் கனவு காண்பதைவிட ஒரே இடம் எத்தனை வேலை செய்யும் என்று பார்ப்பது இந்தச் சின்ன மனைகளில் பலன் தருகிறது.

விளக்கு விஷயத்தில் ஆயாதான் எங்களைத் திருத்தினார். விளக்கு ஈசானிய மூலையில், வடகிழக்கில் இருக்க வேண்டும் என்று குடும்பத்தில் எல்லோருக்கும் விருப்பம். அந்த மூலை நுழைவாசலை ஒட்டியே கிடைத்தது, எங்களுக்கும் சந்தோஷம். காற்றோட்டத்துக்காக அதன் பக்கத்திலேயே ஒரு ஜன்னல் வைத்தோம். ஆயா படத்தைப் பார்க்கவில்லை, நான் கையைக் காட்டிச் சொன்னதைக் கேட்டார். "அந்தப் பக்கம் காத்து வுழுந்து அடிக்கும். வெளக்கு நிக்காது" என்றார். உண்மைதான், வடகிழக்குக் காற்று நேராக அங்கேதான் வரும். அதனால் விளக்கு உயரத்தில் கண்ணாடி திறக்காது. மேலே உள்ள சின்னக் கதவு மட்டும் திறக்கும், புகையும் போகும், விளக்கும் நிற்கும்.

கூரைக்கு அண்டை வீட்டார் தயவு தேவைப்பட்டது. ஆஸ்பெஸ்டாஸை இந்த நாடு 2008-இல் தடைசெய்தது. பழைய தகட்டைக் கழற்றுவதற்கு 2020-இல் கடுமையான விதிகள் வந்தன. பதிவு பெற்ற ஒப்பந்தக்காரர்தான் கழற்ற வேண்டும், அறுக்கவோ உடைக்கவோ கூடாது, குப்பையும் அதற்கென்று அனுமதி பெற்ற இடத்துக்குத்தான் போக வேண்டும். தகடுகளோ இரண்டு வீட்டுக்கும் பொதுவாகச் சுவருக்கு மேலே படுத்திருந்தன. நம் பாதியோடு நிறுத்த முடியாது. அறுக்கக் கூடாது என்பதால் அந்தப் பக்கத்து முதல் வரிசை முழுத் தகடாகவே வர வேண்டும். பக்கத்து வீட்டுத் தம்பதியிடம் அண்ணா நேரில் போய்ப் பேசி, எந்த வரிசை, யார் செலவு, அன்றைக்கு வீட்டை யார் காலி செய்வது என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார். கூரைக்குள் ஏறிப் பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது. பொதுச் சுவர் அறையின் சீலிங் மட்டத்தோடு நின்றுவிட்டது. அங்கே நின்றால் பக்கத்து வீட்டு விட்டம் வரை கண்ணுக்குத் தெரிந்தது. ஒரு வீட்டில் தீப்பிடித்தால் அடுத்த வீட்டுக்குத் தாவ அதுவே வழி. சுவரைக் கூரைத் தகட்டின் அடிவரை எழுப்பினோம். இரட்டை வீட்டில் இருப்பவர்கள் ஒரு டார்ச்சோடு மேலே ஏறி இதை மட்டுமாவது பார்த்துவிடுங்கள்.

மழைநீர். 100 சதுர மீட்டர் கூரையில் 300 மில்லிமீட்டர் பெய்தால் 30,000 லிட்டர். அதைப் பின்பக்கத்து மண்ணில் விட்டால் என்ன ஆகும் என்று 2022 காட்டிவிட்டது. எல்லாக் கூரைநீரும் முன்பக்கம் தெரு வடிகாலுக்கு, நடுவில் ஒரு ஜோஜோ டேங்க், அதாவது பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி. பின்னால் தாங்கு சுவருக்குப் பொறியாளர் தனியாகக் கணக்குப் போட்டார். சுவர் தடிமனைவிட அதன் பின்னால் ஜல்லியும், மண்ணைத் தடுத்துத் தண்ணீரை மட்டும் விடும் வடிதுணியும், ஓட்டைக் குழாயும் இருக்கிறதா என்பதுதான் முக்கியம். ஈரமண் தள்ளித்தான் பெரும்பாலும் இந்தச் சுவர்கள் சாய்கின்றன.

பிளான் பாஸ் ஆக எவ்வளவு நாள் என்று எல்லோரும் கேட்பார்கள். சட்டப்படி 500 சதுர மீட்டருக்குக் குறைந்த கட்டடத்துக்கு 30 நாள். ஆனால் விண்ணப்பம் முழுமையாக இருந்தால்தான் அந்தக் கணக்கு. நாங்கள் அண்டை வீட்டார் சம்மதக் கடிதம் இல்லாமல் கொடுத்துவிட்டுத் திரும்ப ஓடினோம். பாஸ் ஆன பிறகு 12 மாதத்துக்குள் வேலை தொடங்காவிட்டால் காலாவதி. பணத்தைப் பொறுத்தவரை, பாதியை முன்பணமாகக் கேட்கும் மேஸ்திரியிடம் போகாதீர்கள். செய்து முடித்த வேலைக்கு மட்டும் கட்டம் கட்டமாகக் கொடுங்கள், எதிர்பாராத செலவுக்கென்று நூற்றுக்குப் பதினைந்தைத் தொடாமல் வையுங்கள். இந்த வீட்டில் அந்தப் பதினைந்தும் கூரைக்குள்ளேயே போனது.

வேலை முடியும் தறுவாயில் வெராண்டாவின் கைச்சுவர் எழும்பியது. தெருப்பக்கம் தரை தாழ்வு, அதனால் ஒரு மீட்டர் உயரம் வேண்டும். பார்க்க நன்றாக இருக்கும் என்று முழுச் சுவராகவே போட்டிருந்தோம். பூச்சு காய்ந்த அன்று ஆயாவை முதல் முறையாகச் சரிவுப் பாதை வழியாகத் தள்ளிக்கொண்டு வந்தார் பேத்தி. ஆயா கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். எங்களைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று ஒன்றும் சொல்லவில்லை. நான் அவர் பக்கத்தில் குந்தி, அவர் கண் உயரத்திலிருந்து பார்த்தேன். சுவரும் எதிர்வீட்டுக் கூரையும் வானமும் தெரிந்தன. கேட் தெரியவில்லை. தெரு தெரியவில்லை.

அண்ணாவுக்குப் போன் செய்தேன். மறுநாளே சுவரை 300 மில்லிமீட்டருக்கு இறக்கி, மேலே ஒரு மீட்டர் வரை நேர் கம்பிகள், குழந்தை தலை நுழையாதபடி 100 மில்லிமீட்டருக்குக் குறைந்த இடைவெளியில். அந்தச் செலவு எங்களுடையது. அடுத்த வாரம் சாவி கொடுக்கப் போனபோது, கேட்டைத் திறப்பதற்கு முன்பே மேலிருந்து குரல் வந்தது.

"வா கண்ணு, சாப்ட்டியா."